கை மரத்தது ஏன்? வலி போக்கும் ஊசியும் அதன் துணை மருந்துகளும்



எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி இன்றைய உரையைத் தொடங்குகிறோம். பால் ஸ்டோரில் ஷீட் உருட்டும் மெஷினில் வேலை செய்த ஓர் இளைஞனின் வலக்கை, உருளைகளின் நடுவே சிக்கி நசுங்கிவிட்டது. பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவனைத் தூங்க வைக்காமலேயே, அக்குளில் ஓர் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்து, டாக்டர்கள் ஆப்பரேஷனை முடித்தார்கள்.

மாலையில் தாயார் மகனைப் பார்க்கச் சென்றார். கையைத் தொட்டார்; அவனுக்குத் தெரியவில்லை. கிள்ளினார், அப்போதும் தெரியவில்லை. விரலை அசைக்கச் சொன்னார், அசையவில்லை. "ஐயோ, எம்புள்ள கை செத்துப் போச்சே!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இரவோடு இரவாக மகனை வேறிடத்துக்குத் தூக்கிப் போய்விட வேண்டும் என்று உறவினர்கள் துடித்தார்கள். "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க! இந்தக் கை இனிமே வருமா, வராதா?" என்று எங்களைக் கேட்டார்கள். உண்மையைச் சொல்வதானால், அன்று எங்களுக்கும் விடை தெரியாது. ஊசி போட்டவர்களும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

விடியற்காலையில் அந்த இளைஞனின் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வந்தது. பிறகு, "அம்மா, கை வலிக்குதும்மா" என்றான். மகன் வலிக்கிறது என்று சொல்லக் கேட்டு மகிழ்ந்த ஒரு தாயை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

ஓர் ஊசி எப்படிக் கையை மட்டும் மரக்கச் செய்கிறது? அது ஏன் ஓர் இரவு முழுவதும் நீடித்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது ஒரு நீண்ட வரலாறு எங்களுக்குக் கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் நரம்பைப் பற்றி ஒரு சொல். நம் உடம்பில் நரம்புகள் தந்திக் கம்பிகளைப் போன்றவை. விரலில் முள் குத்தினால் அச்செய்தி நரம்பு வழியே ஓடி மூளையை அடைகிறது. அதன் பிறகே நமக்கு வலி தெரிகிறது. சோடியம் என்னும் உப்புச் சத்தின் நுண்துகள்கள், நரம்பின் சுவரிலுள்ள மிகச் சிறிய வாயில்கள் வழியே உள்ளே பாய்வதால்தான் இச்செய்தி ஓடுகிறது. மரக்க வைக்கும் மருந்து அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி வழியிலேயே நின்றுபோகிறது. மருந்தை இரத்தம் மெல்ல மெல்ல அடித்துக்கொண்டு போனதும் வாயில்கள் மீண்டும் திறந்துகொள்கின்றன. கை சாகவில்லை, நேயர்களே! கம்பி சிறிது நேரம் பேசாமல் இருந்தது, அவ்வளவே.

இந்த மருந்துடன் வேறொரு மருந்தைச் சிறிதளவு சேர்த்தால் அதன் வேலை விரைவாகத் தொடங்கும், அல்லது நெடுநேரம் நீடிக்கும். அப்படிச் சேர்ப்பதைத் துணை மருந்து என்கிறோம். பால்மரம் வெட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மங்கில் விழுந்த பால் ஸ்டோருக்கு வருமுன் கட்டிப் போகாதிருக்க, சில சொட்டு அமோனியா விடுவதுண்டு அல்லவா? அந்தச் சில சொட்டு பாலாகிவிடுவதில்லை. ஆனால் பாலைக் காக்கிறது. துணை மருந்தின் வேலையும் அதைப் போன்றதே.

வெற்றிலை போடும் நம் பாட்டிமார்களுக்கும் இந்தத் தத்துவம் தெரியும். சுண்ணாம்பு இல்லாமல் வெற்றிலைக்குக் காரம் ஏறாது. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாழ் மக்கள் மிகப் பழங்காலந்தொட்டே கோக்கா என்னும் செடியின் இலையை மென்று வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் பயிராகும் கொக்கோ மரம் வேறு, இந்தக் கோக்கா செடி வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். அம்மக்கள் கோக்கா இலையை வெறுமனே மெல்வதில்லை. சுண்ணாம்பையோ, செடிகளை எரித்த சாம்பலையோ சேர்த்தே மெல்கிறார்கள். அப்போதுதான் களைப்பும் பசியும் அடங்குகின்றன, நாக்கும் மரக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை இலையிலுள்ள சத்தை வெளிப்படுத்தி, உடம்புக்குள் எளிதாகப் புகச் செய்கிறது. அந்த மலைவாசிகள் சேர்த்த சுண்ணாம்பே முதல் துணை மருந்து என்று சொன்னால் அது மிகையாகாது.

1857ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டின் நோவாரா என்ற கப்பல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. 1858இல் அது சென்னைத் துறைமுகத்துக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. அப்பயணத்தில் சென்ற கார்ல் ஷெர்ட்சர் என்ற அறிஞர் பெரு நாட்டிலிருந்து கோக்கா இலைகளைக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் என்ற இளம் வேதியியல் மாணவர் அவ்விலைகளிலிருந்து வெள்ளைப் பொடியொன்றைப் பிரித்தெடுத்தார். 1860இல் அதைப் பற்றி எழுதினார். கொக்கெயின் என்று அதற்குப் பெயர். நாவில் வைத்தால் நாக்கு மரத்துப் போவதையும் அவர் குறித்துவைத்தார். ஆனால் இதை ஆப்பரேஷனுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேர்விட இன்னும் 24 ஆண்டுகள் ஆயின.

அந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் வியன்னா நகரத்தின் கார்ல் கோலர். அப்போது அவருக்கு வயது 26. கண்ணில் ஆப்பரேஷன் செய்வது அக்காலத்தில் பெருங்கொடுமை. நோயாளி விழித்திருக்கக் கத்தி கண்ணில் இறங்கும். கோலர் கொக்கெயின் கரைசலை முதலில் தவளையின் கண்ணிலும், பிறகு முயல், நாய் ஆகியவற்றின் கண்ணிலும், கடைசியில் தம் கண்ணிலேயும் விட்டுப் பார்த்தார். குண்டூசியால் தொட்டும் உணர்ச்சியில்லை! 1884ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஹைடல்பர்க் நகரில் கண் டாக்டர்களின் மாநாடு கூடியது. அங்கே போவதற்கு வண்டிச் செலவுக்குக்கூட கோலரிடம் பணமில்லை. அவர் எழுதிய கட்டுரையை வேறொரு டாக்டர் படித்தார். ஏழை டாக்டர் ஒருவரின் கண்டுபிடிப்பு, சில வாரங்களில் கடல் கடந்து அமெரிக்காவையும் எட்டியது.

நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அடுத்த படியில் ஏறினார். கண்ணில் சொட்டு விடுவதோடு நில்லாமல், கொக்கெயினை ஊசி மூலம் நரம்பின் அருகிலேயே செலுத்தினார். நரம்பின் வேரருகே அடைத்துவிட்டால், அந்த நரம்பு போய்ச் சேரும் இடமெல்லாம் மரத்துப் போகும் என்பதைக் கண்டார். 1884, 1885ஆம் ஆண்டுகளில் நரம்பு மறிப்பு என்னும் முறை இவ்வாறு பிறந்தது. அந்த இளைஞனுக்கு அக்குளில் ஊசி போட்டதும் இதே முறையில்தான்.

இந்த ஹால்ஸ்டெட்டுக்கும் ரப்பருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிற்காலத்தில் அவருடைய ஆப்பரேஷன் அறையில் பணியாற்றிய ஒரு தாதியின் கைகள் கிருமிநாசினி பட்டுப் புண்ணாயின. அவர் பொருட்டு மெல்லிய ரப்பர்க் கையுறை செய்து தருமாறு, 1890 வாக்கில் ஒரு ரப்பர் கம்பெனியை ஹால்ஸ்டெட் கேட்டுக்கொண்டார். ஆப்பரேஷன் அறையில் ரப்பர்க் கையுறை வழக்கமாவதற்கு அது வழிவகுத்தது. பின்னாளில் அந்தத் தாதியே அவருக்கு மனைவியுமானார். மலாயாவில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் எழுவதற்கு முந்திய கதை இது.

ஆனால் ஹால்ஸ்டெட் தம் கண்டுபிடிப்புக்குப் பெருவிலை கொடுத்தார். அவரும் அவருடைய நண்பர்களும் கொக்கெயினைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். விளைவு, அதற்கு அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற நேர்ந்தது. நண்பர்கள் சிலர் வாழ்க்கையையே இழந்தார்கள். கொக்கெயின் அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் நின்று உயிரும் போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றார்கள் நம் முன்னோர். இதுவோ அமிர்தமும் அன்று.

எனவே டாக்டர்களின் முன் ஒரு கேள்வி நின்றது: குறைந்த மருந்தைக் கொண்டு நெடுநேரம் மரக்க வைப்பது எப்படி?

1885இல் நியூயார்க்கைச் சேர்ந்த லெனார்ட் கோர்னிங் என்ற டாக்டர் எளிய வழியொன்றைக் கண்டார். ஊசி போட்ட இடத்துக்கு மேலே கையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும். மருந்து போட்ட இடத்திலேயே தங்கும். கை நெடுநேரம் மரத்திருக்கும். ஒரு கட்டு, மருந்துக்குத் துணையாயிற்று. ஆனால் கையையும் காலையும் கட்டலாம். கழுத்தையும் முகத்தையும் கட்ட முடியுமா?

இதற்கு விடை தந்தவர் ஒரு ஜப்பானியர். அமெரிக்காவில் குடியேறியிருந்த டக்கமினே ஜோக்கிச்சி என்ற வேதியியல் அறிஞர், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, 1901ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதுவே அட்ரினலின். நாம் அஞ்சும்போதும் சினம் கொள்ளும்போதும் நெஞ்சு படபடப்பது இதனால்தான். இது தோலின் அடியிலுள்ள சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹைன்ரிக் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் இதைக் கருத்தில் கொண்டார். இறுக்கிக் கட்டும் கட்டின் வேலையை இந்த மருந்தே செய்யாதா என்று எண்ணினார். கொக்கெயினோடு மிகச் சிறிதளவு அட்ரினலினைச் சேர்த்தார். இரத்தக் குழாய்கள் சுருங்கின, மருந்து அங்கேயே தங்கிற்று, நேரம் நீண்டது, இரத்தப் பெருக்கும் குறைந்தது, உடம்பில் பரவும் நஞ்சும் குறைந்தது. 1903இல் இதை வெளியிட்ட பிரவுன், இரசாயனக் கட்டு என்று இதற்குப் பெயர் சூட்டினார். இன்றும் ஒரு பங்கு அட்ரினலினை 2 இலட்சம் பங்கு கரைசலில் சேர்ப்பது வழக்கத்திலுண்டு. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்ற பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்த ஆண்டுகளில் கொக்கெயினுக்கு மாற்றும் வந்தது. மியூனிக் நகர வேதியியல் அறிஞர் ஆல்பிரட் ஐன்ஹார்ன் 1904இல் புரோக்கெயினை உருவாக்கினார். நோவோக்கெயின் என்று கடைக்கு வந்த மருந்து அதுவே. அது மனிதனை அடிமையாக்காது. ஆனால் வலிமை குறைவு, நேரமும் குறைவு. பிரவுன் 1905இல் அதனோடும் அட்ரினலினைச் சேர்த்தார். துணை கிடைத்ததும் தளர்ந்த மருந்து எழுந்து நின்றது. 1911இல் கியோர்க் ஹிர்ஷெல் என்பவர் அக்குள் வழியாகவும், கூலென்காம்ப் என்பவர் கழுத்தெலும்புக்கு மேலே குத்தியும் கை முழுவதையும் மரக்கச் செய்தார்கள். கூலென்காம்ப் தம் மேலேயே முதலில் சோதித்துப் பார்த்தார்.

இங்கே, கையால் உழைத்து உண்ணும் நமக்கு முக்கியமான ஒரு செய்தி. விரலில் அட்ரினலின் கலந்த ஊசியைப் போடவே கூடாது, போட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் அழுகிவிடும் என்று பல பத்தாண்டுகளாக மருத்துவ நூல்கள் எச்சரித்தன. முற்காலத்தில் சிலருக்கு விரல் அழுகியது உண்மை. ஆனால் பழைய நிகழ்ச்சிகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பாலானவை 1950க்கு முன் புரோக்கெயின் பயன்பட்ட காலத்தவை என்பதைக் கண்டார்கள். பழகிப்போன புரோக்கெயின் கடுமையான அமிலமாக மாறிவிடும். பழி முழுவதையும் அட்ரினலின் மேல் போட்டது சரியா என்ற ஐயம் எழுந்தது. 2005ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொனால்ட் லலோண்டும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையிலும் விரலிலும் குறைந்த அளவு அட்ரினலின் செலுத்திய 3,110 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் விரல் அழுகவில்லை. அட்ரினலினின் வேலையை மாற்றும் முறிவு மருந்தும் உண்டு. நூலில் அச்சிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது; சோதித்துப் பார்த்த பின்பே அது உண்மையாகும். ஆசிரியர்களாகிய நாங்களும் இதிலிருந்து பாடம் கற்க வேண்டியிருக்கிறது. ஆயினும் விரல்களில் ஏற்கெனவே இரத்த ஓட்டம் குன்றியவர்களுக்கு இதைப் போடலாமா என்பதை டாக்டரே எடைபோட வேண்டும்.

வரலாற்றைத் தொடர்வோம். சுவீடன் நாட்டில் வாற்கோதுமைச் செடியை ஆராய்ந்தபோது பிறந்த ஒரு பொருளை, 1935இல் ஓர் அறிஞர் நாவில் வைத்துச் சுவைத்தார், நாக்கு மரத்தது. அந்தத் தடத்தைப் பின்பற்றி நீல்ஸ் லோஃப்கிரன் 1943இல் லிக்னோகெயினை உருவாக்கினார். அவருடைய இளம் கூட்டாளி பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தம் உடம்பிலேயே குத்திச் சோதித்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. பல் பிடுங்கும்போது போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது இந்தக் குடும்பத்து மருந்தே. 1957இல் அதே சுவீடனில் பூபிவக்கெயின் பிறந்தது. இது பல மணி நேரம் நிற்கும். ஆனால் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் இதயத்தைத் தாக்கும். ஆகவே ஊசி குழாய்க்குள் போய்விட்டதா என்று அறியவும் அட்ரினலின் துணைபுரிகிறது. போய்விட்டால் இதயத் துடிப்பு சட்டென்று கூடும். டாக்டர் உடனே நிறுத்திவிடுவார்.

வெற்றிலைச் சுண்ணாம்பை நினைவில் வைத்திருக்கிறீர்களா? அதே தத்துவம் மீண்டும் வந்தது. அட்ரினலின் கெடாதிருக்க அக்கலவையைப் புளிப்புத்தன்மையோடு வைத்திருப்பார்கள். ஆகவே குத்தும்போது எரியும். அதில் சிறிது சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடாவின் தூய வடிவம், சேர்த்தால் எரிச்சல் குறைகிறது. மருந்தும் சற்று விரைவாக வேலை தொடங்குகிறது. சீழ் பிடித்த பல்லில் ஊசி சரியாக வேலை செய்யாததற்கும் காரணம் இதுவே. சீழ் உள்ள இடம் புளிப்பாக இருக்கும். மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும்.

பின்வந்த காலத்தில் துணை மருந்துகள் பெருகின. மூக்கடைப்புக்காக உருவாக்கிய குளோனிடின் முதலில் இரத்த அழுத்த மருந்தாயிற்று. பிறகு நரம்பு ஊசியிலும் சேர்ந்தது. அது ஏறக்குறைய 2 மணி நேரத்தைக் கூட்டும். ஆனால் இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் குறைக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற வீக்கம் தணிக்கும் மருந்து, நெடுநேரம் நிற்கும் ஊசிகளோடு சேரும்போது சுமார் 6 மணி நேரத்தைக் கூட்டுகிறது. இதை நரம்பருகே போடாமல் இரத்த நாளத்தில் போட்டாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் டாக்டர்கள் பலர் அவ்வழியையே விரும்புகிறார்கள். டெக்ஸ்மெடெட்டோமிடின் என்பதும் நேரத்தை நீட்டும்; அதுவும் நாடியைத் தளரச் செய்யும். மிடாசோலம் போன்ற சிலவற்றைச் சேர்த்தால் நரம்புக்கே கேடு வருமோ என்று அஞ்சி அவற்றைத் தவிர்க்கிறார்கள். கூட்டாளி எல்லாரும் நல்ல கூட்டாளி ஆவதில்லை. நரம்பு எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்துக் குத்தும் ஒலி அலைக் கருவியும் துணைக்கு வந்துவிட்டது. வியன்னா டாக்டர்கள் 1994இல் அவ்வாறு செய்து காட்டினார்கள்.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு எதற்கு? நம் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த ஊசி போடும் நாள் வரலாம். அன்று செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவதாக, ஊசிக்கு முன் டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது ஆகியவற்றைச் சொல்லுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, "இது எவ்வளவு நேரம் மரத்திருக்கும்?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமன்று. அந்தத் தாயாருக்கு யாரேனும் "நாளைக் காலை வரை இப்படித்தான் இருக்கும், அம்மா" என்று சொல்லியிருந்தால், அவர் அந்த இரவு முழுவதும் அழுதிருக்கமாட்டார். டாக்டர் சொன்ன நேரம் கடந்த பிறகும் உணர்ச்சி திரும்பாவிட்டால் காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

மூன்றாவதாக, மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெட்டுத் தெரியாது. அடுப்பின் அருகே போகாதீர்கள். கையைத் தூளியில் கட்டித் தாங்குங்கள். கால் மரத்திருந்தால் துணையின்றி நடக்காதீர்கள். கை மரத்திருக்கும்போதே, டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை அவர் சொன்னபடி சாப்பிடத் தொடங்குங்கள். மருந்தின் வேலை நடு இரவில் முடிந்து, வலி திடீரென்று வந்து தாக்குவதுண்டு.

அந்த இளைஞனின் கை பிழைத்தது. இரண்டு விரல்கள் முழுவதும் மடங்கமாட்டா என்றாலும், அந்தக் கையால் அவர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெரு நாட்டு மலைவாசியின் சுண்ணாம்பும், வண்டிச் செலவுக்குப் பணமில்லாத வியன்னா டாக்டரும், ஜப்பானிய அறிஞரும், தம் உடம்பையே சோதனைக் களமாக்கியவர்களும் சேர்ந்தே அந்தக் கையைக் காத்தார்கள். அறிவு எந்த ஓர் இனத்துக்கும் தனிச் சொத்தன்று. கேட்டுத் தெரிந்துகொள்பவர் வீட்டிலெல்லாம் அது குடியேறும்.